செத்த காலேஜும் உயிர்க் காலேஜும்



சென்னைப் பட்டணத்தைச் சுற்றிப் பார்க்க வருவோர் எங்கெங்கே அழைத்துச் செல்லப்படுகின்றனர் என்பதை நீங்கள் அறிவீர்கள். சுற்றுலாப் பேருந்தில் ஏறி அமர்ந்தால் கோட்டை, எழும்பூர், மயிலைக் கபாலீசுவரர் கோயில், கடற்கரை என்று அரை நாளில் எல்லாவற்றையும் காட்டி, ஏறிய இடத்திலேயே இறக்கி விடுவார்கள். அச்சிட்ட வழிகாட்டி நூல்களும் புதியன அல்ல. ஈஸ்ட்விக் என்ற ஆங்கிலேயர் எழுதிய இந்திய வழிகாட்டியை லண்டனிலுள்ள மர்ரே நிறுவனம் 1859-லேயே வெளியிட்டது. சென்னை மாகாணத்திற்கு வரும் வெள்ளைக்காரப் பிரயாணிக்கு அந்நூல் உதவிற்று.

ஆயினும், அத்தகைய நூல் ஒன்று உலகில் உண்டென்பதையே அறியாத மக்களும் பட்டணம் பார்க்க வந்தனர். காணும் பொங்கலன்று செங்கற்பட்டு, வடஆற்காடு மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து கட்டுச்சோற்று மூட்டையும் கைக்குழந்தையுமாய்க் கூட்டங்கூட்டமாக வந்தவர்கள் அவர்கள். முன்னே போய் வந்தவர்களின் வாய்ச்சொல்லே அவர்களுக்கு வழிகாட்டி. அந்த வாய்ச்சொல்லில் தவறாது இடம் பெற்ற இரண்டு பெயர்களைப் பற்றியே இன்று பேச வந்தேன். ஒன்று செத்த காலேஜ். மற்றொன்று உயிர்க் காலேஜ்.

முதற்பெயர் எழும்பூர்ப் பொருட்காட்சிசாலைக்கு உரியது. அதை இன்று அரசு அருங்காட்சியகம் என்கிறோம். இரண்டாவது, சென்ட்ரல் ரயில் நிலையத்தை அடுத்து ‘பீப்பிள்ஸ் பார்க்’ தோட்டத்தில் இருந்த மிருகக்காட்சி சாலைக்கு வழங்கியது.

நான் மதுராந்தகத்தை அடுத்த ஒரு கிராமத்தில் பிறந்தவன். தாயைப் பெற்ற பாட்டியை எங்கள் பக்கத்தில் ஆயா என்று அழைப்போம். 1971-ஆம் ஆண்டுக் காணும் பொங்கலன்று, நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது, என் ஆயா என்னைப் பட்டணத்துக்கு அழைத்துச் சென்றாள். தாம்பரத்தில் மின்சார ரயிலுக்கு மாறிப் பார்க் நிலையத்தில் இறங்கினோம். அங்கிருந்து எப்பக்கம் திரும்ப வேண்டும், எங்கே அமர்ந்து புளியோதரையை அவிழ்க்க வேண்டும், மூர் மார்க்கெட்டில் விலையை எவ்வளவு குறைத்துக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் எழுத்தறியாத அவளுக்கு மனப்பாடம். முதலில் உயிர்க் காலேஜ். கூண்டுக்குள்ளிருந்த புலி எங்கள் பக்கம் திரும்பாமலே படுத்திருந்தது. இவ்வளவு தூரம் வந்தும் முகங்காட்டவில்லையே என்று ஆயாவுக்குப் பெரும் மனக்குறை. பிறகு வெயிலில் நடந்து செத்த காலேஜ். அங்கே பாடம் செய்து வைத்த பறவைகளையும், கூரையை எட்டும் யானை எலும்புக்கூட்டையும் கண்டு நான் வாய் பிளந்து நின்றேன். மாலையில் மவுண்ட் ரோட்டுக்குப் போய், 1959-ல் எழுந்த பதினான்கு மாடி எல்.ஐ.சி. கட்டடத்தின் மாடிகளைக் கழுத்து வலிக்க எண்ணிவிட்டுக் கடற்கரைக்குச் சென்றோம்.

எலும்புக்கூட்டின் முன்னே நின்றபோது நான் ஒன்று கேட்டேன்: “இதை ஏன் ஆயா காலேஜ்னு சொல்றாங்க? இங்கே யாரும் படிக்கலியே?”

“எனக்கென்ன தெரியும்? எங்க ஆயா காலத்துலேருந்து அப்படித்தான் பேரு,” என்றாள் அவள்.

அந்த விடையை நான் உடனே மறந்து போனேன். மறந்திராவிட்டால் பின்னே நான் செய்த ஒரு பிழை நேர்ந்திராது.

1984-ல் ஆசிரியப் பயிற்சி முடித்து ஒரு பள்ளியில் பணியேற்ற முதல் ஆண்டு, எட்டாம் வகுப்பு மாணவர்களைச் சென்னைக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றேன். திரும்பி வந்ததும் ‘நான் கண்ட சென்னை’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு சிறுவன், மிக நன்றாக எழுதக்கூடியவன், ‘பிறகு செத்த காலேஜுக்குச் சென்றோம்’ என்று எழுதியிருந்தான். அந்த வரியை வகுப்பில் உரக்கப் படித்தேன். கல்லூரிக்கும் பொருட்காட்சிசாலைக்கும் வேற்றுமை தெரியாத பாமரர் வைத்த பெயரைப் படிக்கிற பிள்ளை எழுதலாமா என்று கேட்டுச் சிவப்பு மையால் கோடிட்டேன். வகுப்பு சிரித்தது. சிறுவன் தலையைக் குனிந்துகொண்டு, தன் பாட்டி அப்படித்தான் சொல்வாள் என்றான். வகுப்பு மறுபடியும் சிரித்தது. என் ஆயாவும் அப்படித்தான் சொல்வாள் என்பது எனக்குத் தெரியும். நான் அதைச் சொல்லவில்லை. புதிதாகச் சட்டை மடிப்புக் கலையாமல் வகுப்புக்குள் நுழைந்திருந்த இளைஞன் அல்லவா! எங்கள் வீட்டுப் பேச்சு என்னையும் அந்தப் பாமரரோடு சேர்த்துவிடும் என்று அஞ்சினேன் போலும்.

உண்மை தெரியவந்தது இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து.

தமிழ்நாட்டில் தலைமையாசிரியராக இருந்தவர்கள் எவரும் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையை மறக்க மாட்டார்கள். பள்ளிக் கல்வித் துறையின் தலைமை அலுவலகங்கள் அங்கேதான் இருக்கின்றன. நாங்கள் டி.பி.ஐ. என்றே சொல்லிப் பழகிய அந்த வளாகத்துக்கு 2022-ல் பேராசிரியர் அன்பழகன் பெயர் அறிவிக்கப்பட்டது. ஏதோ ஒரு கோப்பின் பொருட்டு 2009-ல் அங்கே சென்ற நான், மாலை வரை காத்திருக்க நேர்ந்தமையால் அதே வளாகத்திலுள்ள சென்னை இலக்கியச் சங்கத்தின் நூலகத்தில் போய் உட்கார்ந்தேன். செங்கல் நிறக் கட்டடம், உயரமான அலமாரிகள், பழைய காகிதத்தின் வாசனை. அன்று புரட்டிய ஏடுகளும், அதன்பின் தேடிப் படித்தவையும் சொல்லிய வரலாறு இது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் இளம் அதிகாரிகள் இந்நாட்டு மொழிகளைக் கற்பதற்கென்று 1812-ல் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி என்ற நிலையம் தொடங்கப்பெற்றது. சென்னைக் கல்விச் சங்கம் என்று தமிழ்ப் புலவர்கள் குறிப்பிட்டது இதனையே. இதனை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் எல்லிஸ் துரை. தென்னிந்திய மொழிகள் வடமொழியினின்று பிறந்தவை அல்ல, தமக்குள் ஓரினமானவை என்று அவர் 1816-லேயே எழுதிவிட்டார். கால்டுவெல் ஐயரின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது 1856-ல் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். இக்கல்லூரி பின்னர் கூவம் ஆற்றங்கரையில், நான் கோப்புடன் காத்திருந்த அந்த நிலத்தில் நிலைகொண்டது. கல்லூரிச் சாலை என்ற பெயர் அதனால் வந்தது. அச்சாலையில் எத்தனை முறை நடந்திருப்பேன்! எந்தக் கல்லூரி என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.

இலக்கியச் சங்கத்தார் கற்களும் கனிமங்களுமாய் ஆயிரத்துக்கு மேற்பட்ட பொருள்களைத் திரட்டி வைத்திருந்தனர். அவற்றைக் கொண்டு ஒரு பொருட்காட்சிசாலை அமைக்க அரசு இசைந்தபோது, எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர் அதன் பொறுப்பை ஏற்றார். 1851-ல் அது திறக்கப்பட்டது. எங்கே என்கிறீர்கள்? இக்கல்லூரியின் மாடியில்!

அதாவது, நம் நாட்டுக் குடியானவன் முதன்முதலாகப் பொருட்காட்சிசாலை என்ற ஒன்றைப் பார்க்கப் போனபோது, அவன் போனது உண்மையாகவே காலேஜுக்குத்தான். ‘காலேஜுக்குப் போய் வந்தேன்’ என்று அவன் ஊரில் சொன்னதில் எள்ளளவும் பிழையில்லை.

அங்கே அது மூன்று ஆண்டுகளே இருந்தது. 1854-ல் எழும்பூரில் பாந்தியன் என்று பெயர் பெற்றிருந்த மாளிகைக்கு மாறியது. முன்னாளில் வெள்ளைக்காரர்கள் கூடி விருந்தும் நடனமும் நடத்திய மாளிகை அது. பாந்தியன் சாலை என்ற பெயர் இன்றும் இருக்கிறது. அதே 1854-ல் கோட்டைக் கல்லூரியும் மூடப்பட்டது. ஆகவே எழும்பூரில் கல்லூரி இல்லை. நுங்கம்பாக்கத்திலும் கல்லூரி இல்லை. ஆயினும் மக்கள் வாயில் காலேஜ் நிலைத்தது.

பால்ஃபர் சாமானிய மக்களின் மனத்தை நன்கு அறிந்தவர் என்று சொல்ல வேண்டும். பொருட்காட்சிசாலையில் உயிருள்ள புலிக்குட்டி போன்றவற்றை வைத்தபோது கூட்டம் பெருகுவதை அவர் கண்டார். கர்நாடக நவாபிடம் பேசி, அவர் வளர்த்துவந்த விலங்குகளையும் பறவைகளையும் பெற்றார். 1855-ல் பொருட்காட்சிசாலைத் தோட்டத்திலேயே மிருகக்காட்சி சாலை தோன்றிற்று. ஓராண்டில் முந்நூறுக்கும் மேற்பட்ட பிராணிகள் அங்கே இருந்தன. பெயர்கள் பிரிந்தது இவ்வாறுதான் என்று நான் கொள்கிறேன். ஒரே வேலிக்குள் இரண்டு காலேஜுகள் அமைந்துவிட்டன. ஒன்றில் பிராணிகள் உயிரோடு உலவின. மற்றொன்றில் பஞ்சடைத்து நின்றன. பார்க்க வந்தவர்கள் ஒன்றை உயிர்க் காலேஜ் என்றனர். மற்றதை வேறு எப்படிச் சொல்வார்கள்?

1860-களில் மிருகக்காட்சி சாலை நகராண்மைக் கழகத்தின் கைக்கு வந்து, டிரெவல்யன் கவர்னர் காலத்தில் தோன்றிய பீப்பிள்ஸ் பார்க்கிற்குச் சென்றது. அக்காலத்தில் 116 ஏக்கர் பரந்திருந்த தோட்டம் அது. அதன் மண்ணில் விக்டோரியா மண்டபமும், 1900-ல் மூர் மார்க்கெட்டும், 1913-ல் ரிப்பன் கட்டடமும், பின்னே விளையாட்டரங்கமுமாக எழுந்து தோட்டத்தைப் பெரும்பாலும் விழுங்கிவிட்டன. மக்களுக்கென்று அமைந்த தோட்டங்களுக்கு இக்கதி நேர்வது சென்னையில் மட்டுமன்று.

என் ஆயா 1905-ஐ ஒட்டிப் பிறந்தவள். அவளுடைய ஆயா அதற்கு ஐம்பது ஆண்டு முன்னே பிறந்திருக்கலாம். அவள் குழந்தையாயிருந்தபோது அந்தக் கல்லூரி மாடிக்குப் போய் வந்தவர்கள் ஊரில் உயிரோடு இருந்திருப்பார்கள். சரித்திர ஆசிரியர்கள் கல்வெட்டையும் செப்பேட்டையும் தேடுகிறோம், தேட வேண்டியதுதான். ஆனால் மூன்றே ஆண்டு நிலவிய ஒரு செய்தியை, எழுத்தின் உதவியின்றி நூற்றிருபது ஆண்டுக்காலம் கைமாற்றி, எலும்புக்கூட்டின் அடியில் என்னிடம் ஒப்படைத்தவள் அந்தக் கிழவி. அதைப் பெற்ற நானோ சிவப்பு மையால் அடித்தேன்.

1985-ஆம் ஆண்டு அந்தப் பழைய பட்டணச் சுற்றுலாவுக்கு முடிவு கட்டியது. மே மாத இறுதியில் மூர் மார்க்கெட் தீக்கிரையானது. ஜூலையில் வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது. ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட காடு; பிராணிகளுக்கு அது நல்லதே, கூண்டுப் புலியைக் கண்டவன் நான் சொல்கிறேன். ஆனால் உயிர்க் காலேஜ் என்ற பெயர் அவற்றோடு வண்டலூர் வரை போகவில்லை. உயிர்க் காலேஜ் மறைந்தபின் செத்த காலேஜ் என்பதற்கும் பொருள் புரியாமல் போயிற்று. இன்று உங்களுள் ஒருவரேனும் அப்பெயரை வீட்டில் கேட்டிருப்பீர்களா என்பது ஐயமே.

எழும்பூருக்கு நீங்கள் அவசியம் போக வேண்டும். அமராவதிச் சிற்பங்களின் முன் நிற்கும்போது, வால்டர் எலியட் 1845-ல் தோண்டிச் சென்னைக்குக் கொண்டுவந்த கற்கள் பெரும்பாலும் 1859-ல் லண்டனுக்குக் கப்பலேறிவிட்டன என்பதை நினைவில் வையுங்கள். திருவாலங்காட்டு நடராசரை வேகமாகக் கடந்து போகாதீர்கள். 1857-ல் கொடுமை புரிந்த கர்னல் நீலின் சிலை மவுண்ட் ரோட்டில் நின்றிருந்தது. 1927-ல் இளைஞர்கள் அதை எதிர்த்துச் சிறை சென்றனர். 1937-ல் அது அகற்றப்பட்டது. இப்போது அதுவும் செத்த காலேஜில்தான் இருக்கிறது.

அந்த மாணவரைச் சில ஆண்டுகளுக்கு முன் மதுராந்தகத்தில் ஒரு திருமண வீட்டில் கண்டேன். நரை கண்ட மனிதர்; சொந்தமாக லாரி வைத்திருக்கிறார். தனியே அழைத்துப் போய், பாட்டி சொன்ன பெயரே சரி, நான் சொன்னதுதான் பிழை என்று முழுக் கதையையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கட்டுரையும் சிவப்புக் கோடும் அவர் நினைவில் இல்லை என்றார். மரியாதைக்காகச் சொன்னாரோ, உண்மைதானோ.

“ஆனா ஒண்ணு ஞாபகம் இருக்குங்க ஐயா,” என்றார். “திமிங்கலத்தோட எலும்புக்கூடு. நான் அதைப் பார்த்துக்கிட்டே நின்னேன். நீங்க நேரமாச்சுன்னு கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்துட்டீங்க.”

அவரும் அவர் மகளும் நானும் ஒருநாள் சேர்ந்து போவதென்று அங்கேயே முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறையாதலால், சனிக்கிழமை காலையில் சென்றோம்.