முன்பண மானியம் பிறந்த கதை

மாகறல் திருமாகறலீஸ்வரர் கோயிலின் தல புராணத்தில் ஒரு பலாமரம் வருகிறது. பிரம்மா நட்டது என்பார்கள். நாளுக்கு ஒரு பழம் தரும். அந்தப் பழம் சிதம்பரம் போய், நடராசருக்குப் படைக்கப்பட்டு, பிறகு ராஜேந்திர சோழனிடம் சேர வேண்டும். சுமந்து போவது ஊரார் பொறுப்பு, வீட்டு முறைப்படி. செய்யாற்றங்கரையிலிருந்து சிதம்பரத்துக்கு நடந்து போய்த் திரும்ப எத்தனை நாள் ஆகும், அதற்குள் எத்தனை பேர் பழத்தோடு வழியில் இருப்பார்கள் என்ற கணக்கெல்லாம் புராணத்துக்குத் தேவைப்படவில்லை. தன் முறை வந்தபோது ஒரு சிறுவன் மரத்தையே கொளுத்திவிட்டான். கதை பிறகு பொன் உடும்பு, புற்று, சிவலிங்கம் என்று போய்விடுகிறது. எனக்கு அந்தச் சிறுவனை விட்டு நகர மனம் வருவதில்லை. அரசனுக்குச் சேர வேண்டியதை நிறுத்த அவனுக்குத் தெரிந்த ஒரே வழி நெருப்பு.

இத்தனைக்கும் மாகறலிலிருந்து அதே சாலையில் தெற்கே போனால் உத்திரமேரூர். 919, 921 ஆண்டுகளின் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. குடவோலை முறையை எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது வேறு ஒரு விதி. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி நிற்க முடியாது, அவனுடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. செலவுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை இந்த வட்டாரத்துக்கு அவ்வளவு பழையது. ஆனால் மேலே இருப்பவன் கேட்கும் பணத்துக்கு 'இல்லை' என்று சொல்லும் உரிமை அந்தக் கல்வெட்டுகளில் கிடையாது. அது வரப் பல நூற்றாண்டு ஆயிற்று. 'இல்லை' என்று சொன்ன பிறகும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நடப்பதற்கான வழி அதற்கும் பின்னால் பிறந்தது. சட்டமன்றத்தில் அதற்குப் பெயர் முன்பண மானியம்.

மார்ச் 31 நள்ளிரவோடு தமிழ்நாடு அரசின் செலவு செய்யும் அதிகாரம் காலாவதியாகிறது. கஜானாவில் பணம் இருக்கலாம், எடுக்க முடியாது. அரசமைப்புச் சட்டத்தின் 204ஆவது பிரிவின்படி, சட்டமன்றம் நிதி ஒதுக்கச் சட்டம் இயற்றாமல் மாநிலத்தின் தொகுப்பு நிதியிலிருந்து ஒரு ரூபாய்கூட வெளியே வராது. அந்த ஒரு சட்டத்தில் தொங்குவது என்னென்ன என்று மாகறலில் நின்று பார்த்தால் தெரியும். ரேஷன் கடை அரிசி, ஆசிரியர் சம்பளம், கைத்தறி நெசவாளருக்கு 300 யூனிட் இலவச மின்சாரத்துக்காக மின்வாரியத்துக்கு அரசு தரும் ஈடு, 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்திலேயே தொடங்கிவைக்கப்பட்ட மகளிர் உரிமைத் தொகை, பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு வர வேண்டிய தள்ளுபடி மானியம். அத்தனையும் ஆண்டுக்கு ஒருமுறை சாகின்றன, மறுநாள் பிழைக்கின்றன. அந்த இரவில் ஊரில் யாரும் கண் விழிப்பதில்லை.

அமெரிக்காவில் விழிப்பார்கள். அங்கே அலுவலகங்கள் பூட்டப்படும் 'அரசு மூடல்' என்பதே புதிய சரக்குதான். செலவுக்கு அனுமதி இல்லாமல் கடன்படக் கூடாது என்ற சட்டம் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. ஆனால் பட்ஜெட் தாமதமானால் அலுவலகங்கள் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தன. 1980 ஏப்ரலில் அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி, அப்படி நடப்பது சட்டவிரோதம் என்று கருத்து எழுதினார். மே 1 அன்று கூட்டாட்சி வணிக ஆணையம் ஒரு நாள் மூடப்பட்டது. ஒரு வக்கீல் கடிதத்தில் பிறந்த அந்தப் பிள்ளை 2025 அக்டோபர், நவம்பரில் 43 நாள் நாட்டை உட்கார வைத்தது.

மாநிலங்களிலும் அப்படித்தான். 2006 ஜூலையில் நியூ ஜெர்சி ஆளுநர் ஜான் கார்சைன் விற்பனை வரியை 6 சதவீதத்திலிருந்து 7 ஆக்கக் கேட்டார், சட்டமன்றத்தில் அவருடைய சொந்தக் கட்சிக்காரர்களே மறுத்தார்கள், அரசு மூடியது. அட்லாண்டிக் சிட்டியின் சூதாட்ட விடுதிகளும் மூடின. அவை தனியார் விடுதிகள்தான், ஆனால் சூதாட்டத்தைக் கண்காணிக்கும் அரசு ஆய்வாளர்கள் வேலையில் இல்லையே. 2011 ஜூலையில் மின்னசோட்டா ஆளுநர் மார்க் டேட்டன் பணக்காரர் மீது கூடுதல் வரி கேட்க, குடியரசுக் கட்சியின் சட்டமன்றம் மறுக்க, 20 நாள் மூடல். பூங்காக்களுக்குப் பூட்டு, சுமார் 22,000 ஊழியர்கள் வீட்டில்.

இதில் கவனிக்க வேண்டியது, இவ்வளவுக்கும் பிறகு கார்சைனும் டேட்டனும் ஆளுநராகவே இருந்தார்கள் என்பது. அங்கே ஆளுநரையும் சட்டமன்றத்தையும் மக்கள் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். பண மசோதா தோற்றால் யாரும் பதவி விலக வேண்டியதில்லை. நம் முறையில் பட்ஜெட்டில் தோற்ற அமைச்சரவை வீட்டுக்குப் போக வேண்டும். சண்டையின் விலையை இங்கே அமைச்சர் கொடுக்கிறார், அங்கே பூங்காக் காவலாளி கொடுக்கிறார்.

இந்தியாவில் பட்ஜெட் பிறந்தபோதே வரிச் சண்டையும் கூடப் பிறந்தது, அதுவும் சென்னையில். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு கல்கத்தா அரசு கடனில் மூழ்கியிருந்தது. லண்டனிலிருந்து ஜேம்ஸ் வில்சனை அனுப்பினார்கள். 'எகனாமிஸ்ட்' பத்திரிகையைத் தொடங்கியவர். 1860இல் அவர் நாட்டின் முதல் பட்ஜெட்டைப் போட்டு, வருமான வரியைக் கொண்டுவந்தார். சென்னை கவர்னர் சர் சார்லஸ் ட்ரெவெலியன், சென்ட்ரல் பக்கம் மக்கள் பூங்காவை உண்டாக்கிய அதே மனிதர், சீறிவிட்டார். புது வரி வேண்டாம், செலவைக் குறை, முதலில் ராணுவச் செலவைக் குறை என்பது அவர் கட்சி. கட்சி தவறில்லை. ஆனால் தன் எதிர்ப்புக் குறிப்பை அவர் பத்திரிகைகளுக்கே கொடுத்துவிட்டார். கீழே இருக்கும் கவர்னர் மேலே இருக்கும் அரசின் வரியைத் தெருவில் வைத்து எதிர்ப்பதா என்று லண்டன் அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டது. வில்சன் அதே ஆண்டு ஆகஸ்டில் கல்கத்தாவில் வயிற்றுக்கடுப்பில் இறந்தார். கொஞ்ச காலம் கழித்து நிதி உறுப்பினராகத் திரும்பி வந்தவர் யார் தெரியுமா? ட்ரெவெலியனேதான். வருமான வரி 1865இல் காலாவதியாயிற்று.

அந்தச் சண்டையில் ஓர் அலுவலகமும் மூடவில்லை. மூடும் சக்தி உள்ள ஒருவரும் அப்போது சபையில் இல்லை. சண்டை போட்ட இருவரும் ராணியின் ஊழியர்கள்.

1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் வந்த பிறகுதான் தேர்ந்தெடுக்கப்பட்ட இந்தியர்கள் மானியக் கோரிக்கைகளில் வாக்களித்தார்கள். அதிலும் ஒரு பூட்டு. சபை மறுத்ததை 'இது அவசியம்' என்று சான்றளித்து மீட்டுக்கொள்ள வைஸ்ராய்க்கும் கவர்னருக்கும் அதிகாரம் வைத்திருந்தார்கள். 1923இல் உப்பு வரியை இரட்டிப்பாக்கும் யோசனையை மத்திய சட்டசபை தள்ளியது. வைஸ்ராய் ரீடிங் பிரபு சான்றளித்து வசூலித்தார். 1924இல் மத்திய மாகாணத்தில் சுயராஜ்யக் கட்சி இன்னும் ஒரு படி மேலே போனது. பட்ஜெட் கோரிக்கைகளை நிராகரித்து, அமைச்சர்களின் சம்பளத்தை ஆண்டுக்கு இரண்டு ரூபாய் ஆக்கியது. அமைச்சர்கள் போனார்கள், அவர்களுடைய துறைகளைக் கவர்னர் எடுத்துக்கொண்டார். அலுவலகங்கள் மறுநாளும் திறந்தன. வெள்ளைக்கார ஆட்சியில் அரசு மூடாததற்குக் காரணம் சபையின் சொல்லுக்கு அங்கே எடை இல்லை என்பதுதான். திறந்த கதவையெல்லாம் பெருமையாக நினைக்கக் கூடாது.

1949இல் அரசியல் நிர்ணய சபை நிதிப் பிரிவுகளை எடுத்தபோது அம்பேத்கர் முன்னால் இருந்தது இந்தச் சிக்கல்தான். கவர்னரின் சான்று போக வேண்டும். சபை அனுமதித்தால்தான் பணம். சரி, ஆனால் நிதியாண்டு ஏப்ரல் 1இல் தொடங்குகிறது, 1867லிருந்து அப்படித்தான். பிப்ரவரிக் கடைசியில் பட்ஜெட் வந்தால் ஒரே மாதத்தில் அத்தனை துறைகளையும் அலசிவிட வேண்டும். பழைய சபைகளில் உறுப்பினர்களின் நிரந்தரப் புகார் இது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஓர் ஏற்பாடு இருந்தது: புது ஆண்டின் முதல் சில மாதச் செலவுக்கு மட்டும் ஒரு தொகையை முன்கூட்டிக் கொடுத்துவிட்டு, முழு விவாதத்தை நிதானமாக நடத்துவது. அதை அம்பேத்கர் இங்கே கொண்டுவந்தார். நாடாளுமன்றத்துக்கு 116ஆவது பிரிவு, மாநிலங்களுக்கு 206. நெசவாளர் பழைய பாவு தீரும்முன் அதன் நுனிகளோடு புதுப் பாவைப் பிணைத்துக்கொள்வார், தறியை அவிழ்க்க மாட்டார். 206 செய்வதும் அந்தப் பிணைப்பைத்தான்.

ஆக, முன்பண மானியம் பிறந்தது பேச நேரம் வேண்டும் என்பதற்காக. வளர்ந்தது வேறு மாதிரி. தமிழ்நாட்டில் 2016 பிப்ரவரியிலும் 2021 பிப்ரவரியிலும் ஓ. பன்னீர்செல்வம் இடைக்கால பட்ஜெட் வைத்தார். தேர்தல் முடிந்து 2016 ஜூலையில் அவரே, 2021 ஆகஸ்டில் பழனிவேல் தியாகராஜன் திருத்திய பட்ஜெட் வைத்தார்கள். நடுவில் ஆட்சியே மாறியும் யார் சம்பளமும் நிற்கவில்லை. தமிழ்நாட்டில் அரசு அலுவலகங்கள் வெறிச்சோடியதைப் பார்த்தவர்கள் 2003 ஜூலையைச் சொல்வார்கள். நிதி நெருக்கடி என்று சலுகைகள் வெட்டப்பட, ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்ய, ஜெயலலிதா அரசு சுமார் 1.7 லட்சம் பேரை ஒரேயடியாக வேலைநீக்கம் செய்தது. அது கீழிருந்து வந்த மூடல். அதற்கு 206 மருந்தில்லை. மற்ற நாட்களில் நம் மூடல் கண்ணுக்குத் தெரியாது: அலுவலகம் திறந்திருக்கும், மின்விசிறி சுழலும், கருவூலத்தில் பில் மட்டும் நகராது.

206ஐயும் முடக்க வழி உண்டு என்று காட்டியது பஞ்சாப். 1968 மார்ச் 7. லச்மண் சிங் கில்லின் சிறுபான்மை அரசு, பட்ஜெட் நிறைவேறவில்லை, சபையில் அமளி. சபாநாயகர் ஜோகிந்தர் சிங் மான் சபையை இரண்டு மாதம் ஒத்திவைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். மே மாதம் வரை சபை இல்லை, மார்ச் 31க்குப் பிறகு பணம் இல்லை. மின்னசோட்டாவுக்கு நாற்பது வருடம் முன்பே அமிர்தசரஸும் லூதியானாவும் அந்த விளிம்பில் நின்றன. ஆளுநர் பாவட்டே கூட்டத்தொடரை முடித்துவைத்து, நிதி அலுவல் முடியாமல் சபையை ஒத்திவைக்கக் கூடாது என்று அவசரச் சட்டம் போட்டு, மறுபடி கூட்டினார். மார்ச் 18 அன்று சபாநாயகர் வந்து, என் பழைய ஒத்திவைப்பு செல்லும் என்று தீர்ப்பளித்துவிட்டுப் போனார். துணை சபாநாயகர் நாற்காலியில் உட்கார்ந்தார், போலீஸ் உள்ளே நின்றது, மசோதாக்கள் சில நிமிடங்களில் நிறைவேறின. அந்தச் சட்டங்கள் செல்லாது என்று மே மாதத்தில் உயர் நீதிமன்றம் சொன்னது. செல்லும் என்று ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி இதாயதுல்லா. வழக்குத் தொடுத்த சத்யபால் தாங் கம்யூனிஸ்ட் தலைவர். பணம் ஓடியாக வேண்டும் என்ற அவசரத்தில் சபைக்குள் போலீஸ் வந்ததை அவர் கேள்வி கேட்டார். கேட்டது சரி என்றே நினைக்கிறேன்.

2016 மார்ச் 18 அன்று உத்தராகண்டில் இன்னொரு வகை. காங்கிரஸின் ஒன்பது எம்.எல்.ஏ.க்கள் பா.ஜ.க.வோடு சேர்ந்து நிதி ஒதுக்க மசோதாவுக்கு வாக்கெடுப்புக் கேட்டார்கள். சபாநாயகர் குரல் வாக்கில் நிறைவேறியது என்று அறிவித்தார். நிறைவேறியதா இல்லையா என்பதே வழக்கு. 27ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஆட்சி, நிதியாண்டு முடியும் தறுவாயில் மாநிலச் செலவுக்கு டெல்லியிலிருந்து ஓர் அவசரச் சட்டம். பதவி இழந்த முதல்வர் ஹரீஷ் ராவத் மே மாதம் பெரும்பான்மையை நிரூபித்துத் திரும்பினார். ஏப்ரல் சம்பளத்துக்கான அனுமதி டேராடூனில் யாரையும் கேட்காமலே கிடைத்திருந்தது.

தமிழ் பேசும் மண்ணில் மூடலுக்கு மிக நெருங்கி வந்தது புதுச்சேரி. அங்கே மார்ச்சில் முழு பட்ஜெட் போடுவதே அபூர்வமாக இருந்தது. 2023 மார்ச்சில் முதல்வர் ரங்கசாமி போட்டபோது அதுவே செய்தியாயிற்று. 2020 மார்ச் இறுதியில் மூன்று மாதத்துக்கு முன்பண மானியம் வாங்கினார்கள். ஜூன் 30 உடன் அது தீர்ந்தது. முழு பட்ஜெட் வரவில்லை. ஜூலை 20 அன்று துணைநிலை ஆளுநர் கிரண் பேடி உரையாற்ற வேண்டும். மானியக் கோரிக்கைகள் முறைப்படி தன்னிடம் வரவில்லை என்று அவர் வரவில்லை. மத்திய அரசின் ஒப்புதல் இருக்கிறது என்று முதல்வர் நாராயணசாமி அன்றைக்கே 9,000 கோடி ரூபாய் பட்ஜெட்டைத் தாக்கல் செய்தார். 24ஆம் தேதி ஆளுநர் வந்து உரையாற்றினார். பட்ஜெட் வந்த பிறகு ஆளுநர் உரை. இதற்குள் ஓர் உறுப்பினருக்குக் கொரோனா என்று தெரிந்து, 25ஆம் தேதி சபை மண்டபத்தை விட்டு வெளியே வளாகத்து வேப்பமரத்தடியில் கூடி, பட்ஜெட்டை நிறைவேற்றியது.

2021 பிப்ரவரியில் கிரண் பேடி நீக்கப்பட்டார். சில நாட்களில் நாராயணசாமி அரசு நம்பிக்கை வாக்கில் கவிழ்ந்தது. மார்ச் நெருங்கியபோது புதுச்சேரிக்குச் சபையும் இல்லை, அமைச்சரும் இல்லை. அந்த ஆண்டுக்கான அதன் முன்பண மானியத்தை டெல்லி நாடாளுமன்றம் நிறைவேற்றிக் கொடுத்தது.