மின்சார கார் மின்கலங்களின் வரலாறு

மின்சார கார் மின்கலம் என்பது மோட்டாரை இயக்கும் ஆற்றலைச் சேமித்துவைக்கும், மீண்டும் மின்னேற்றத்தக்க மின்கலத் தொகுதியாகும். குறைந்த எடையில் மிகுந்த ஆற்றலைத் தீப்பற்றாமல் தேக்குவது எப்படி என்பதே இதன் வரலாறு முழுவதும் தொடரும் சிக்கல்.

ஈயத்தின் காலம்

1859-இல் பிரான்ஸ் நாட்டின் காஸ்டன் பிளான்டே ஈய-அமில மின்கலத்தை உருவாக்கினார். 1899-இல் இவ்வகை மின்கலத்தால் ஓடிய கமீல் ஜெனாட்சியின் கார், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைக் கடந்த முதல் கார் ஆனது. ஆயினும் ஈயம் கனமானது. கூடுதல் தொலைவு செல்ல மின்கலங்களைக் கூட்டினால், அவற்றைச் சுமக்கவே ஆற்றல் செலவானது. தாமஸ் எடிசனின் நிக்கல்-இரும்பு மின்கலம் நீண்டநாள் உழைத்தது; ஆனால் விலை அதிகம், குளிரில் திறன் குன்றியது. 1912-இல் கேடிலாக் கார்களில் மின் தொடக்கி வந்தபின், கைப்பிடியைச் சுழற்றாமலே பெட்ரோல் காரைக் கிளப்ப முடிந்தது. மின்சார கார் சந்தையிலிருந்து மெல்ல மறைந்தது.

லித்தியத்தின் வருகை

உலோகங்களுள் மிக இலேசானது லித்தியம். 1970-களில் எக்சான் நிறுவனத்தில் ஸ்டான்லி விட்டிங்காம், டைட்டானியம் டைசல்பைடு நேர்முனையும் லித்திய உலோக எதிர்முனையும் கொண்ட மின்கலத்தை அமைத்தார். திரும்பத் திரும்ப மின்னேற்றியபோது லித்தியம் இழைபோல் வளர்ந்து மறுமுனையைத் தொட்டது. குறுக்குச்சுற்று ஏற்பட்டுத் தீப்பற்றியது. 1980-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குடினஃப் குழுவினர் கோபால்ட் ஆக்சைடைப் பயன்படுத்தி மின்னழுத்தத்தை 4 வோல்ட்டாக உயர்த்தினர். 1985-இல் ஜப்பானின் அகிரா யோஷினோ, லித்திய உலோகத்தை நீக்கி, லித்திய அயனிகளை ஏற்கும் பெட்ரோலியக் கற்கரியை எதிர்முனையாக்கினார். ஆபத்து பெருமளவு குறைந்தது. 1991-இல் சோனி நிறுவனம் லித்திய அயனி மின்கலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

கோபால்ட் விலை மிகுந்தது. மதுரையில் பயின்று, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம், குடினஃபுடன் இணைந்து, இரும்பு சல்பேட் போன்ற மலிவான சேர்மங்களிலும் உயர் மின்னழுத்தம் பெறலாம் எனக் காட்டினார். இவ்வழியில் 1997-இல் குடினஃப் குழு வெளியிட்ட லித்தியம் இரும்பு பாஸ்பேட், இன்று பல கார்களில் பயன்படுகிறது. விட்டிங்காம், குடினஃப், யோஷினோ ஆகியோர் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர். 97 வயதான குடினஃபின் சார்பில் நோபல் உரை நிகழ்த்தியவர் மந்திரமே.

விரைவு மின்னேற்றம்

2008-இல் வெளிவந்த டெஸ்லா ரோட்ஸ்டர், 6,831 சிறு உருளை மின்கலங்களால் ஓடியது. தொலைவுச் சிக்கல் தளர்ந்ததும், மின்னேற்ற நேரம் முன்னுக்கு வந்தது. மின்னேற்றும்போது லித்திய அயனிகள் எதிர்முனையிலுள்ள கிராஃபைட் அடுக்குகளுக்குள் நுழைகின்றன. அவை நுழையும் வேகத்தை மீறி மின்னோட்டத்தைச் செலுத்தினால், லித்தியம் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படியும். விட்டிங்காம் காலத்து ஆபத்து இவ்வாறு மீண்டும் தலைதூக்கும். விரைவு மின்னேற்ற நிலையங்களில் 80 விழுக்காட்டை நெருங்கும்போது மின்னேற்றம் மெதுவாவது இதனைத் தவிர்ப்பதற்கே.