அம்மைத் தழும்பும் செல்லுக்குள் காவலும்

குற்றாலம் சீசனில் அருவியில் குளிக்கும் பெரியவர்கள் கையில் வட்டத் தழும்பு பார்த்திருப்பீர்கள். அம்மை குத்திய அடையாளம். சென்னை மாகாணத்துக்கு அந்த மருந்து தயாரிக்கத்தான் 1899-ல் கிண்டியில் கிங் இன்ஸ்டிடியூட் தொடங்கியது. கன்றுக்குட்டித் தோலில் வாக்சினியா வைரஸை வளர்த்து எடுத்தார்கள். 1975-க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை.

ஆனால் ஊசி போட்டவர்களுக்கும் தெரியாத ஒரு சங்கதி உண்டு. நம் டிஎன்ஏ பெரும்பாலும் செல்லின் உட்கருவுக்குள் இருக்கும். வாக்சினியாவோ உட்கருவுக்கு வெளியே பெருகும். அங்கே டிஎன்ஏ கிடந்தால் திருடன்தான்! சிகாஸ் என்ற புரதம் அதைப் பிடித்து, சிஜிஏஎம்பி என்ற தூதை அனுப்பும். அது ஸ்டிங் புரதத்தை எழுப்ப, இன்டர்ஃபெரான் சுரந்து பக்கத்துச் செல்களும் உஷாராகும். டல்லாஸில் ஜேம்ஸ் சென் குழு இதைக் கண்டது 2013-ல்தான், நோய் ஒழிந்து பல வருடம் கழித்து.

திருடனும் லேசுப்பட்டவன் இல்லை. அந்தத் தூதையே வெட்டும் நொதி வாக்சினியாவிடம் இருப்பது 2019-ல் தெரிந்தது.