காலங்கடந்த கடனும் காழியின் மன்றமும்

மூன்றாண்டுகள் கழிந்துவிட்டால் கடனைத் திருப்பித் தர வேண்டியதில்லை என நம்மில் சிலர் கருதுகின்றனர். ஷரீஅத்தின் வரலாறு வேறு பாடம் புகட்டுகிறது.

காலம் கடந்த வழக்குகளில் சாட்சிகள் மறைந்திருப்பர், ஏடுகள் அழிந்திருக்கும், பொய் வழக்குகளுக்கும் இடமுண்டாகும். எனவே 16ஆம் நூற்றாண்டில் உஸ்மானிய சுல்தான்கள், தக்க காரணமின்றி 15 ஆண்டுகள் தாமதித்த வழக்குகளை விசாரிக்கலாகாது எனக் காழிகளைத் தடுத்தனர். அஹ்மத் ஜவ்தத் பாஷாவின் தலைமையில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பெற்ற ‘மஜல்லா’ என்னும் ஹனஃபீ சட்டத் தொகுப்பு, தனது 1660ஆம் விதியில் கடன் வழக்குகளுக்கு அவ்வரம்பையே நிலைநாட்டியது. வழக்காடுபவர் சிறுவராகவோ சித்தம் கலங்கியவராகவோ தொலைதூரத்தில் இருப்பவராகவோ இருந்த காலம் இதில் சேராது. எதிரியின் ஆதிக்கத்திற்கு அஞ்சியிருந்த காலமும் அவ்வாறே.

இங்கு நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது 1674ஆம் விதியாகும். காலம் கடந்ததால் உரிமை அழிவதில்லை என்கிறது அது. கடன்பட்டவர் மன்றத்தில் கடனை ஒப்புக்கொண்டால், காலக்கழிவு பாராது தீர்ப்பளிக்கப்படும். டமாஸ்கஸின் சட்டமேதை இப்னு ஆபிதீனும் (இறப்பு 1836) இத்தடை காழிக்கே உரியது, உரிமை எஞ்சியே நிற்கும் என விளக்கினார்.

இந்தியாவின் 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் கடன் வழக்குகளுக்குப் பொதுவாக 3 ஆண்டுகளே அளிக்கிறது. ஆயினும் அதுவும் வழக்காடும் வழியை அடைக்கிறதேயன்றிக் கடனை அழிப்பதில்லை. காலங்கடந்த கடனைத் தருவதாகக் கையொப்பமிட்டு எழுதித் தரும் வாக்குறுதி, 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி செல்லுபடியாகும்.

ஆகவே மன்றத்தின் கதவு மூடியதைக் கடன் தீர்ந்ததாகக் கொள்வது தகாது. சொத்தைப் பங்கிடுமுன் இறந்தவரின் கடனைத் தீர்க்கப் பணிக்கும் திருமறை, அக்கடனுக்கு ஆண்டு வரம்பு எதனையும் குறிக்கவில்லை.