மடக்குக் கத்தியும் மலிவுச் சரக்கும் - ஒரு சின்ன வரலாறு

"விலை கம்மின்னா சரக்கும் மட்டமாத்தான் இருக்கும்" என்று பலரும் சொல்வதுண்டு. இதைக் கோவில்பட்டியில் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள். அங்கே தயாராகிற தீப்பெட்டி 2007-ல் ஒரு ரூபாய் ஆனது. அதன் பிறகு 14 வருடங்கள் அதே ஒரு ரூபாய்தான். 2021 டிசம்பர் 1-ம் தேதிதான் 2 ரூபாய் ஆனது. ஒரு ரூபாய்ப் பெட்டி என்பதற்காகக் குச்சி பற்றாமல் போகவில்லையே! பற்றாத பெட்டியை யாரும் இரண்டாவது தடவை வாங்க மாட்டார்கள். மேலே ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்த்து ஒதுக்கிவிடுவார்கள்.

அதே சட்டைப் பையில், அல்லது இடுப்பு மடிப்பில், தீப்பெட்டிக்குப் பக்கத்திலேயே கிடந்த இன்னொரு மலிவுப் பொருள் மடக்குக் கத்தி. கரிசல் காட்டில் இது ஆயுதம் இல்லை, கருவி. காலில் தைத்த கருவேல முள்ளைக் கீறி எடுக்க, பருத்திச் சாக்கின் வாயைப் பிரிக்க, கயிறு அறுக்க, பாக்கு சீவ, பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் பென்சில் சீவ என்று எல்லாவற்றுக்கும் இந்த ஒரே கத்திதான். எட்டயபுரத்தில் சனிக்கிழமை தோறும் கூடும் ஆட்டுச் சந்தைக்கு வரும் கீதாரிகளுக்கு இதன் அருமை நன்றாகவே தெரியும்.

ஆனால் ஒரு கேள்வி. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கிற இரண்டு மலிவுக் கத்திகளில் ஒன்று அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வருகிறது. இன்னொன்று ஆறே மாதத்தில் ஆட்டம் கண்டு குப்பைக்குப் போகிறது. ஏன்?

கத்தியின் தரம் எங்கே இருக்கிறது?

மடக்குக் கத்தியில் முக்கியமானவை மூன்றுதான்: அலகு, ஆணி, பிடி. அலகு மடங்கித் திரும்புவது ஆணியில். ஆணி தளர்ந்தால் கத்தி ஆடும், இறுக்கிவிட்டால் திறக்காது. பிடி மரமாக இருக்கலாம், கொம்பாக இருக்கலாம், வெறும் தகடாகக் கூட இருக்கலாம். அதனால் பெரிய நஷ்டம் இல்லை.

உயிர் இருப்பது அலகில்தான். இரும்பில் கரி சேர்ந்தால் எஃகு. கரி போதவில்லை என்றால் எவ்வளவு தீட்டினாலும் முனை நிற்காது. கரி இருந்தால் மட்டும் போதுமா? அதுவும் போதாது. செக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்க்க வேண்டும். அப்போது அலகு கண்ணாடி மாதிரி கடினமாகும், கண்ணாடி மாதிரியே உடையவும் செய்யும். அதனால் மறுபடி இளஞ்சூட்டில் காட்டிப் பதம் இறக்க வேண்டும். 200 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் தேய்த்த எஃகின் மேல் வைக்கோல் நிறம் ஓடும். அதுதான் பதம். கொல்லர் கையில் வெப்பமானி கிடையாது. கண்தான் வெப்பமானி.

இந்த வேலைக்கு ஆகும் செலவு கொஞ்சம் கரியும் கொஞ்சம் நேரமும்தான். அதில் கை வைத்தால் கடையில் வாங்குபவருக்கு அப்போது தெரியவே தெரியாது! பளபளப்பு அதேதான் இருக்கும். ஏமாற்றுவதற்கு இதைவிட வசதியான இடம் இல்லை. மலிவுக் கத்தியின் வரலாறே இந்த ஏமாற்றை எப்படித் தடுப்பது என்பதன் வரலாறுதான்.

களத்துமேட்டு உத்தரவாதம்

தூத்துக்குடி மாவட்டத்துக்கு இரும்பு புதிது இல்லை. ஆதிச்சநல்லூரில் 1899-க்குப் பிறகு அலெக்சாண்டர் ரீ நடத்திய அகழாய்விலேயே இரும்புக் கருவிகள் ஏராளமாகக் கிடைத்தன. அதே மாவட்டத்தின் சிவகளையில் கிடைத்த மாதிரிகளை வைத்துத் தமிழ்நாட்டில் இரும்பின் காலத்தை 5,000 ஆண்டுகளுக்கும் முன்னால் கொண்டுபோகும் அறிக்கையைத் தமிழக அரசு 2025 ஜனவரியில் வெளியிட்டது.

அந்த இரும்பை ஊருக்கு ஊர் அடித்துக் கொடுத்தவர்கள் கொல்லாசாரிகள். அவர்களுக்குக் கூலி பெரும்பாலும் காசாக வரவில்லை. அறுவடை முடிந்ததும் ஏர் ஒன்றுக்கு இவ்வளவு என்று களத்தில் தானியம் அளந்து போடுவார்கள். கரிசலில் அது கம்பாகவோ சோளமாகவோ இருக்கும். அந்தக் கூலிக்குள்ளேயே கொழு அடிப்பது, அரிவாளுக்குக் கருக்கு வைப்பது, மழுங்கியதைத் தீட்டுவது எல்லாம் அடக்கம்.

இதில் உள்ள கணக்கைக் கவனியுங்கள். பதம் சரியில்லாத அலகு வாரம் தவறாமல் பட்டறைக்குத் திரும்பி வரும். அதைச் சரி செய்யத் தனிக் கூலி கிடையாது. ஆக, மோசமான வேலையின் நஷ்டம் வாங்கியவருக்கு இல்லை, செய்தவருக்கே! நல்ல பதம் வைத்தால் அவருக்கே வேலை மிச்சம். இன்று கம்பெனிகள் ஒரு வருட உத்தரவாதம் என்று அச்சடித்துக் கொடுப்பதை அன்று களத்துமேடு ஆயுசுக்கும் கொடுத்தது.

அதற்காக அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. கரிசல் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் களம் காலி, ஆசாரி வீட்டு அடுப்பும் காலி. சாதியோடு கட்டிப்போட்ட தொழில் என்பதால் விட்டுவிட்டுப் போவதும் சுலபமில்லை. வாங்கியவருக்குக் கிடைத்த உத்தரவாதத்தின் விலையைச் செய்தவர் தன் வயிற்றால் கொடுத்தார். டிராக்டர் வந்து ஏர்க் கணக்கே மறைந்தபோது இந்த ஏற்பாடும் மறைந்தது.

"மேட் இன் ஜெர்மனி" வந்த கதை

முகம் தெரியாத கடையில் காசு கொடுத்து வாங்கும்போது யார் உத்தரவாதம்? இந்தக் கேள்வி இங்கிலாந்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. ஷெஃபீல்டு நகரம் கத்திக்குப் பேர் போனது. ஜெர்மனியின் சோலிங்கன் நகரிலிருந்து வந்த மலிவுக் கத்திகள் சில ஷெஃபீல்டு பெயரையே குத்திக்கொண்டு விற்றன. ஷெஃபீல்டுக்காரர்கள் கொதித்தார்கள். 1887-ல் பிரிட்டன் வணிகக் குறிச் சட்டத்தைக் கொண்டு வந்தது. பொய் முத்திரை போடக் கூடாது, சரக்கு எந்த நாட்டுடையது என்று சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். "மேட் இன் ஜெர்மனி" என்ற முத்திரை பரவலானது அப்படித்தான்.

வேடிக்கை என்னவென்றால், அவமானமாக ஒட்டப்பட்ட அந்த முத்திரையே பின்னால் பெருமையாகிவிட்டது. ஒரு காலத்தில் அடுத்த ஊர்ப் பெயரைத் திருடிய சோலிங்கன், தன் பெயரை மற்றவர் திருடாமல் காக்க 1938-ல் தனிச் சட்டமே பெற்றது!

இரண்டு ஏழைக் கத்திகள்

பிரான்சின் சவோய் மலைப் பகுதியில் ஜோசப் ஓப்பினெல் என்ற இளைஞர் 1890-ல் ஒரு விவசாயிக் கத்தியைச் செய்தார். ஒரு மரப்பிடி, ஒரு எஃகு அலகு, ஒரு ஆணி, ஆணியைச் சுற்றி ஒரு உலோக வளையம். அவ்வளவுதான். 1897-ல் 1 முதல் 12 வரை அளவு எண்கள் வந்தன. 1909-ல் கிரீடம் சூட்டிய கை அதன் வணிகக் குறியானது. 1955-ல் விரலை அலகு கடிக்காமல் இருக்கத் திருகிப் பூட்டும் வளையம் சேர்ந்தது. அலங்காரத்தில் மிச்சம் பிடித்தார்கள், எஃகில் மிச்சம் பிடிக்கவில்லை. இன்றும் விற்கிறது.

ஜப்பானின் மிக்கி நகரில் 1890-களில் பிறந்த ஹிகோனோகாமி இன்னும் எளிமை. மடித்த தகடுதான் பிடி. வில் கிடையாது, பூட்டு கிடையாது. சங்கத்தில் சேர்ந்தவர்கள் மட்டுமே அந்தப் பெயரைப் போடலாம். பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவ வைத்திருந்த கத்தி இது. 1960 அக்டோபரில் சோஷலிஸ்ட் தலைவர் அசனுமா மேடையிலேயே குத்திக் கொல்லப்பட்டார். குத்தியது ஒரு குறுவாள், ஹிகோனோகாமி அல்ல. ஆனாலும் பிள்ளைகள் கையில் கத்தியே கூடாது என்ற இயக்கம் கிளம்பியது. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. அந்தப் பெயரைப் போடும் உரிமையோடு இன்று மிஞ்சியிருப்பது ஒரே ஒரு பட்டறை.

கெட்ட பெயரும் ஒரு முத்திரை

நம் நாட்டில் உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர் கத்திக்கு நேர்ந்ததும் கிட்டத்தட்ட இதுதான். கைத்திறனுக்குப் பேர் பெற்ற மடக்குக் கத்தி, இந்திப் பட வில்லன்களின் கைக்குப் போய் ரவுடிக் கத்தி ஆனது. 2023-ல் ராம்பூரில் சுமார் 20 அடி உயரத்துக்குக் கத்திச் சிலையே வைத்தார்கள். தொழில் நலிந்த பிறகு சிலை!

சட்டம் ஒன்றும் எல்லாக் கத்தியையும் ஆயுதம் என்று சொல்லிவிடவில்லை. 1962-ன் ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைத்தான் ஆயுதக் கணக்கில் சேர்த்தன. அதிலும் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் ஆனவற்றுக்கு விலக்கு உண்டு. கீதாரியின் கத்தி எந்தக் கணக்கிலும் ஆயுதமாகாது.

முத்திரை இல்லாத கத்தி

கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-லேயே கிடைத்துவிட்டது. தீப்பெட்டிக்கு லேபிள் இருக்கிறது. பட்டறையில் லாரிப் பட்டையை அறுத்துக் காய்ச்சி அடிக்கிற கத்திக்கு மட்டும் பெயரும் இல்லை, முத்திரையும் இல்லை. நல்லது செய்தவருக்கும் மட்டமாகச் செய்தவருக்கும் ஒரே விலை. அப்படிப்பட்ட சந்தையில் நல்லது செய்பவர்தான் முதலில் கடையைக் கட்டுவார். இது வணிகவியலின் பால பாடம்.

ஆக, மலிவு தரத்துக்கு எதிரி இல்லை. பொறுப்பேற்க ஆள் இல்லாத மலிவுதான் எதிரி. அடுத்த தடவை சந்தையில் ஒரு மடக்குக் கத்தியைக் கையில் எடுத்தால் திறந்து பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். மூடும்போது அலகு நடுவில் விழுகிறதா என்று பாருங்கள். பதம் மட்டும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் "மழுங்கினா யாருகிட்ட கொண்டு வரணும்?" என்று கேட்டு விடுங்கள். "என்கிட்டயே கொண்டாங்க" என்று பதில் வந்தால் தயங்காமல் வாங்கலாம்.