மான் வேட்டைக் கைத்துப்பாக்கி

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வெண்வால் மான் வேட்டைக்குப் பயன்படும் ரிவால்வர்களும் ஒற்றைத் தோட்டாக் கைத்துப்பாக்கிகளும் மான் வேட்டைக் கைத்துப்பாக்கி என்ற வகையில் அடங்கும். 1935இல் வந்த .357 மேக்னம் தோட்டா மானை வீழ்த்தும். ஆயினும் அதைக் கீழ்வரம்பாகவே கொள்ள வேண்டும். வேட்டை எழுத்தாளர் எல்மர் கீத், .44 ஸ்பெஷல் தோட்டாவில் வெடிமருந்தைக் கூட்டி அடைத்துப் பல ஆண்டுகள் சோதித்தார். அவரது விடாத வலியுறுத்தலால் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், ரெமிங்டன் நிறுவனங்கள் 1950களின் நடுவில் .44 மேக்னத்தைக் கொண்டுவந்தன. அதன் வழக்கமான குண்டு 240 கிரெயின், அதாவது சுமார் 15.5 கிராம் எடையுள்ளது.

வலிமையைவிடக் குறியே முக்கியம். மானின் தோளுக்குப் பின்னால் இதயமும் நுரையீரலும் உள்ள பகுதி ஏறத்தாழ 20 செ.மீ. அகலமே. அந்த அளவுக்குள் எவ்வளவு தொலைவிலிருந்து ஒருவரால் பிசகாமல் சுட முடிகிறதோ, அதுவே அவருடைய எல்லை. அதைத் தாண்டிச் சுடுவது விலங்கைக் காயத்தோடு அலையவிடும் கொடுமை. சுடும்போது துப்பாக்கி தரும் பின்னுதைப்புக்கு அஞ்சுபவர் விசையை இழுக்கும்போதே கையை அசைத்துவிடுவார். அவருக்குத் தாங்க முடியாத .44ஐவிட, கைக்குப் பழகிய .41 மேக்னமே மேல். அனுமதிக்கப்படும் தோட்டா, குழல் நீளம் பற்றிய சட்டங்கள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்.