கரும்பு எழுதும் கணக்கு

தர்மபுரிக்கு அந்தக் காலத்துப் பெயர் தகடூர். அதை ஆண்ட அதியமான் என்றதும் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனிதான் நமக்கு ஞாபகம் வரும். அந்த வம்சத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. இந்த மண்ணுக்குக் கரும்பைக் கொண்டுவந்ததே அதியமானின் முன்னோர்கள்தான். சொல்வது சாட்சாத் ஔவையார், புறநானூறு 99-ம் பாட்டில்! பின்னாளில் பாலக்கோட்டிலும் அரூர் பக்கம் கோபாலபுரத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகளே வந்தன.

ஆயுளைக் கூட்டும் கனியைத் தந்த வம்சமே கரும்பையும் தந்திருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை மிதமிஞ்சினால் ஆயுள் குறையும் என்பதுதான் இதில் வேடிக்கை. (கரும்பை மட்டும் திட்டாதீர்கள். நாம் சாப்பிடும் சோறும் கடைசியில் குளுக்கோஸ்தான்!)

சர்க்கரை அப்படி என்ன செய்கிறது? உங்கள் வீட்டு தோசைக்கல்லைப் பாருங்கள். 1912-ல் லூயி கமில் மயார் என்ற பிரெஞ்சுக்காரர், சர்க்கரையையும் புரோட்டீனின் மூலப்பொருளான அமினோ அமிலத்தையும் சேர்த்துச் சூடாக்கினார். கலவை பழுப்பாகிப்போனது. தோசை முறுகுவதும் இதே ரசாயனத்தால்தான். நம் உடம்பின் 37 டிகிரி சூட்டிலும் இது நடக்கிறது, ‘சிம்’மில் வைத்த அடுப்பு மாதிரி, ரொம்ப நிதானமாக!

இதற்கு முதல் தடயம் கிடைத்தது ஈரானில். 1968-ல் தெஹ்ரான் விஞ்ஞானி சாமுவேல் ரஹ்பர், நீரிழிவுக்காரர்களின் ரத்தத்தில் ஒருவகை ஹீமோகுளோபின் தூக்கலாக இருப்பதைக் கவனித்தார். அது, சர்க்கரை ஒட்டிக்கொண்ட ஹீமோகுளோபின். நோய் கட்டுப்பட்டால் அதன் அளவும் இறங்குகிறது என்று 1976-ல் நியூயார்க்கில் ஆன்டனி செராமியின் குழு காட்டியது. இன்று டாக்டர் எழுதித் தரும் ‘ஹெச்பிஏ1சி’ டெஸ்ட் அதுதான்.

பி.காம். படித்தவன் பாஷையில் சொன்னால், சிவப்பணு என்பது நடப்புக் கணக்கு. சுமார் 120 நாளில் பழசு போய்ப் புதுசு வந்துவிடும். ரத்தக்குழாய்ச் சுவரிலும் இதயத்திலும் இருக்கும் கொலாஜன் என்கிற புரோட்டீன் அப்படியல்ல. அது வருஷக்கணக்கில் கிடக்கும் டெபாசிட். ஒட்டிய சர்க்கரை மெல்ல மெல்ல உருமாறி, கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. குழாய் விறைக்கிறது. இதயமும் தளர்ந்து விரிய சிரமப்படுகிறது. எல்டிஎல் கொழுப்பிலும் சர்க்கரை ஒட்டுவதால், அது சுவரில் படிவதும் சுலபமாகிறது. மாரடைப்புக்கு ரத்த அழுத்தம், சிகரெட் என்று வேறு கூட்டாளிகளும் உண்டு. ஆனால், இந்தப் பங்காளி சத்தமே போடமாட்டான்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 டைப் 1 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 1993-ல் முடிந்தது. அதன்பின் இரு பிரிவினரின் சர்க்கரை அளவும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டது. ஆனாலும், ஆரம்பத்தில் கறாராகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு இதய, ரத்தக்குழாய் நோய்கள் 42 சதவிகிதம் குறைவு என்றது 2005-ல் வந்த முடிவு. உடம்பு பழைய பாக்கியை மறக்கவில்லை!

டெஸ்ட்டுக்கு முந்தின ரெண்டு நாள் மட்டும் பத்தியம் இருப்பவரா நீங்கள்? வெறும் வயிற்று ரத்தம் ஏமாறலாம், ஹெச்பிஏ1சி ஏமாறாது. சர்க்கரை என்று தெரிந்த முதல் வருஷத்திலேயே கணக்கைச் சரிசெய்யுங்கள். வட்டி ஏறினால் கட்டவேண்டியது உங்கள் இதயம்தான்.